பட்டறைக்குள் பதுங்கியிருக்கும் நெருப்பு

மோட்டார் வண்டிக்கு அடிக்கும் "பிரைமர்" எவ்வளவு சாதுவானது? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் யோசிக்க வேண்டிய விஷயம்

காலை ஒன்பது மணி. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு மோட்டார் பட்டறையின் இரும்புக் கதவு கடகடவென்று மேலே போகிறது. உள்ளே முன்பக்கம் நசுங்கிய கார் ஒன்று நிற்கிறது. ஒடுக்கு எடுக்கும் டிங்கர் வேலை நேற்றே முடிந்துவிட்டது. பட்டி போட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்து, கண்ணாடிகளின்மேல் பழைய செய்தித்தாள்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள். இன்று பிரைமர் அடிக்கும் நாள். மேஸ்திரி முதலில் சுவரிலுள்ள சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார். வெள்ளிக்கிழமையானால் சூடமும் உண்டு. அந்தப் படத்துக்கு நேர் கீழே, நாலைந்தடி தூரத்தில், மூடி இல்லாத தின்னர் டின் ஒன்று இருக்கிறது. பக்கத்து வண்டிக்கு அப்போதுதான் வெல்டிங் வைக்க ஆரம்பிக்கிறார்கள்.

இது ஏதோ ஒரு பட்டறையின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பாடியிலிருந்து திருநின்றவூர் வரை, மதுரவாயலிலிருந்து நசரத்பேட்டை வரை, இந்தக் காட்சி தினமும் நடக்கிறது. பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆகாத நாட்கள்தாம் மனிதனுக்கு அசட்டுத் தைரியத்தைக் கற்றுக்கொடுக்கின்றன. ஏதேனும் ஆகிவிடும் அந்த ஒரு நாளில், என்ன ஏது என்று திரும்பிப் பார்க்கக்கூட அவகாசம் இருப்பதில்லை.

காக்களூரில் நடந்தது

ஆவடிக்கு மேற்கே, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. 2024-ம் ஆண்டு மே 30-ந் தேதி அங்கே பெயிண்ட் தயாரிக்கும் கூடம் ஒன்றில் தீப்பிடித்தது. நான்கு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் கூடத்தில் வேலை செய்தவர்கூட அல்லர். அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தவர். தெருவில் போகிறவனுக்கும் பெயிண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

அதற்கு மூன்றரை மாதம் முன்பு, அதே ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி, டெல்லியின் அலிப்பூர்ப் பகுதியில் கடைகளும் வீடுகளும் நெருங்கிய ஒரு சந்தையில் இயங்கிவந்த பெயிண்ட் தொழிற்கூடம் எரிந்தது. அங்கே மாண்டவர்கள் 11 பேர்.

இவை இரண்டும் பெயிண்ட் செய்யும் இடங்கள். பெயிண்ட் அடிக்கும் இடங்களில் நேரும் சிறு தீக்கள் பத்திரிகைக்கு வருவதே அபூர்வம். ஒரு கார் எரிந்தது, ஒரு பையனுக்குக் கை வெந்தது என்பதோடு அவை மறக்கப்பட்டுவிடுகின்றன. ஆனால் செய்கிற இடத்திலும் அடிக்கிற இடத்திலும் இருக்கும் சரக்கு ஒன்றேதான். அளவில்தான் வித்தியாசம்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

இரும்பின்மேல் நேரடியாக வர்ணம் பூசினால் பிடித்து நிற்காது. கடற்காற்று வீசும் சென்னையில் துருவும் சீக்கிரம் ஏறும். ஆகவே தகட்டுக்கும் வர்ணத்துக்கும் இடையே பிடிமானமாக ஒரு பூச்சு வேண்டும். அதுதான் பிரைமர். அதில் மூன்று பங்காளிகள் உண்டு. தகட்டோடு ஒட்டிக்கொள்ளும் பிசின் ஒன்று. துருவைத் தடுத்து மேடு பள்ளத்தை நிரப்பும் பொடி ஒன்று. இந்த இரண்டையும் கரைத்து ஸ்பிரே கன் வழியாகப் பாயச்செய்யும் கரைப்பான் ஒன்று. பிசினும் பொடியும் வண்டியோடு தங்கிவிடும். கரைப்பான் மட்டும் வந்த வேலை முடிந்ததும் காற்றோடு போய்விடும். பட்டறை மணம் என்று சொல்கிறோமே, அது காற்றோடு போகும் இந்தப் பங்காளிதான். எரிவதும் அதுவேதான்.

டோலுயீன், சைலீன், அசிட்டோன், பியூட்டைல் அசிடேட் முதலியவை இந்தக் கரைப்பான்களில் முக்கியமானவை. பிரைமரில் இருப்பது போதாதென்று, இளக்குவதற்காக மேலும் தின்னரைக் கலக்கிறார்கள். தின்னர் என்பது முழுக்க முழுக்க இந்தத் திரவங்களின் கலவையே.

பழைய பெயிண்டர்கள் இன்றும் "டூகோ" என்று சொல்வதைக் கேட்கலாம். அது அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1923-ல் மோட்டார் வண்டிகளுக்காகக் கொண்டுவந்த வர்ணத்தின் பெயர். அதுவரை ஒரு காருக்கு வர்ணம் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆயிற்று. டூகோ வந்தபின் மணிக்கணக்கில் காரியம் முடிந்தது. அதன் ஆதாரம் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருள். பஞ்சு போன்ற தாவர நாரை அமிலங்களில் ஊறவைத்துச் செய்வது. நைட்ரஜனைச் சற்று அதிகமாக ஏற்றினால் அதே பொருள் வெடிமருந்துப் பஞ்சு ஆகிவிடும். நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து செய்துவந்த கார்டைட் வெடிமருந்தில் கலப்பது இந்தப் பஞ்சுதான். நமது பட்டறைகளில் "என்.சி." என்று அழைக்கப்படும் பட்டியும் பிரைமரும் அந்தக் குடும்பத்தின் சாதுவான பிள்ளைகள். சாதுவானவைதாம், ஆனாலும் குடும்ப குணம் போய்விடவில்லை. ஸ்பிரே அடிக்கும்போது சுவரிலும் தரையிலும் படிந்து காய்ந்த என்.சி. தூளைச் சுரண்டிக் குவித்து வைத்தால், ஒரு சிறு பொறியே போதும்.

எரிவது திரவமன்று, ஆவி

தின்னர் தீப்பிடித்தது என்று சொல்கிறோம். உண்மையில் எரிவது திரவத்தின்மேல் எழும்பி நிற்கும் ஆவி. எந்த உஷ்ண நிலையில் ஒரு திரவம் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை வெளியிடத் தொடங்குகிறதோ, அதை "ஃபிளாஷ் பாயிண்ட்" என்கிறார்கள். டோலுயீனுக்கு இது சுமார் 4 டிகிரி சென்டிகிரேட். அசிட்டோனுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கு அருகில். பியூட்டைல் அசிடேட்டுக்குச் சுமார் 22. சைலீனுக்கு 27-ஐ ஒட்டி.

குளிர் நாட்டில் ஒரு பெயிண்டர் பனிக்காலத்தில் சைலீன் டின்னைத் திறந்தால் ஓரளவு பயமின்றி இருக்கலாம். சென்னையில் அந்தச் சலுகை கிடையாது. மார்கழி விடியற்காலையிலும் இங்கே உஷ்ணம் 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம். சித்திரை, வைகாசியைச் சொல்ல வேண்டியதே இல்லை. 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. தகரக் கூரையின்கீழ் இன்னும் கூடுதல். ஆகவே இந்த ஊரில் மூடி திறந்த ஒவ்வொரு தின்னர் டின்னும், வருஷம் முழுவதும், இரவும் பகலும், பற்றத் தயாரான நிலையிலேயே இருக்கிறது.

இரண்டாவது விஷயம், இந்த ஆவியின் கனம். அடுப்பெரிக்கும் வாயுவைப்போல இதுவும் காற்றைவிடக் கனமானது. டோலுயீன் ஆவி காற்றைப்போல் மூன்று மடங்கு. ஆகவே அது கூரைக்குப் போகாது. தண்ணீரைப்போல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். வண்டியின் அடியில் நின்று வேலை செய்ய வெட்டியிருக்கும் பிட், கழிவுநீர்க் கால்வாய், தாழ்ந்திருக்கும் பக்கத்து அறை ஆகியவை அது தங்குமிடங்கள். ஒரு மூலையில் தின்னர் சிந்தினால், எதிர் மூலையில் உள்ள வெல்டிங் பொறியோ ஸ்விட்சுப் பொறியோ அதைப் பற்றவைக்கலாம். பற்றிய தீ, வந்த வழியே ஓடிப்போய் டின்னைத் தேடிப் பிடிக்கும். "அவ்வளவு தூரத்தில்தானே பீடி பிடித்தேன்" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

எவ்வளவு ஆவி இருந்தால் ஆபத்து? காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல் டோலுயீன் ஆவி கலந்தாலே போதும். ஒரு லிட்டர் டோலுயீன் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 230 லிட்டர் இடத்தை அடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டடிக்கு எட்டடி, பத்தடி உயரமுள்ள காற்றோட்டமற்ற அறையில் ஒரே ஒரு லிட்டர் சிந்தி ஆவியாகிப் பரவினால், அந்த அறை முழுவதுமே தீக்குச்சிக்குக் காத்திருக்கும் நிலைக்கு வந்துவிடும். ஒரு லிட்டர் என்பது தண்ணீர் பாட்டில் ஒன்று. பல பட்டறைகளில் தின்னர் வந்து சேர்வதும் பழைய தண்ணீர் பாட்டிலில்தான்!

பொறி எங்கிருந்து வருகிறது?

பீடி, சிகரெட் என்றால் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவை வேறு. வெல்டிங் பொறியும் கிரைண்டர் பொறியும் பல அடி தூரம் பாயும். கம்ப்ரெஸர் மோட்டார் கிளம்பும்போது அதன் ஸ்விட்சில் பொறி தட்டும். காற்றை வெளியேற்றுவதற்கென்று சுவரில் மாட்டியிருக்கும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன், ஆவி முழுவதையும் தன் மோட்டார் வழியாகவே இழுத்து அனுப்புகிறது. அந்த மோட்டார் பொறி வெளியே வராதபடி செய்யப்பட்ட தனி ரகமாக இல்லாவிட்டால், காப்பாற்ற வந்தவனே காலனாகலாம். பிரைமரைச் சீக்கிரம் காயவைக்கப் பக்கத்தில் வைக்கும் ஹாலஜன் விளக்கும் அப்படியே.

கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்றும் உண்டு, நிலைமின்சாரம். பெரிய டிரம்மிலிருந்து சிறு டின்னுக்குத் தின்னர் பாயும்போது அந்த ஓட்டமே மின்னூட்டத்தை உண்டாக்குகிறது. பிளாஸ்டிக் வாளியிலோ பாட்டிலிலோ பிடித்தால் அந்த மின்னூட்டம் இறங்க வழியில்லை. மனிதன் தன் விரல் நுனியில் உணர முடியாத அளவு சின்னப் பொறியே இந்த ஆவியைப் பற்றவைக்கப் போதுமானது. இதற்குப் பரிகாரம் மிகச் சுலபம். இரண்டும் உலோகப் பாத்திரமாக இருக்கவேண்டும். இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, அந்தக் கம்பியைத் தரையில் எர்த் செய்யவேண்டும். செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஆனால் இதைச் செய்திருக்கும் சாலையோரப் பட்டறைகளை விரல்விட்டு எண்ணவேண்டும்.

இன்னொன்று, துடைத்துப்போட்ட பனியன் வேஸ்ட். எண்ணெய்ச் சத்துள்ள பெயிண்டில் நனைந்த துணிகளை ஒரு மூலையில் குவித்துவிட்டுக் கதவைச் சாத்தினால், காயும்போது தனக்குள்ளேயே சூடேறி, யாரும் கொளுத்தாமல் நடுநிசியில் பற்றிக்கொள்ளும். "மின்கசிவு" என்று எழுதப்படும் தீ விபத்துக்களில் எத்தனை இந்தக் குப்பையிலிருந்து கிளம்பியவையோ!

மூச்சின் வழியே வரும் தீமை

தீ ஒரு நொடியில் தெரிந்துவிடும். பிரைமரின் மற்றொரு தீமை மெதுவாக வேலை செய்கிறது. கரைப்பான் ஆவியைச் சுவாசித்தால் தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். வேலை முடிந்ததும் பையன்கள் தின்னரிலேயே கை கழுவுகிறார்கள். அது தோலின் எண்ணெய்ப் பசையை உரித்துப் புண்ணாக்குவதோடு, தோல் வழியாக உடம்புக்குள்ளும் இறங்குகிறது.

இப்போது நல்ல பட்டறைகளில் உபயோகிக்கும் இரட்டை டப்பா ரகப் பிரைமர்களில் பலவற்றுக்கு ஹார்டனர் என்ற துணைத் திரவம் உண்டு. பாலியூரித்தேன் ரகமானால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். 1984-ல் போபாலில் கசிந்த விஷம் இதே இனத்தின் மிகக் கொடிய உறுப்பினர். பட்டறையிலுள்ளது அவ்வளவு கொடியதன்று. ஆனால் ஸ்பிரே தூவலாக மூச்சில் போனால் சிலருக்குத் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு அணுவளவு பட்டாலும் மூச்சுத் திணறும். அத்தோடு அந்தத் தொழிலாளியின் பிழைப்பும் போயிற்று. துருவைத் தடுக்கும் சில பிரைமர்களில் குரோமேட் சேர்கிறது. அது புற்றுநோய் உண்டாக்குவதாக நிரூபிக்கப்பட்ட பொருள். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், பெயிண்டர் தொழிலையே புற்றுநோய் அபாயமுள்ள முதல் வகுப்பில் 1989-லேயே சேர்த்து, பின்னர் மறுபடி ஆராய்ந்து உறுதி செய்திருக்கிறது.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் சட்டம் அமலாகிவிட்டது. ஆனால் அந்த விதி வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுகளுக்கு மட்டுமே. மோட்டார் பட்டறையின் டப்பாவை அது தொடவில்லை.

இத்தனைக்கும் பெரும்பாலோர் கட்டிக்கொள்வது ஒரு கைக்குட்டை! கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் தூளில் ஓரளவைத் தடுக்கும். ஆவியைத் துளிக்கூடத் தடுக்காது. ஆவிக்கு வேண்டியது கரி அடைத்த வடிகட்டியுள்ள முகமூடி. ஐசோசயனேட் ரகத்துக்கு, வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று வரும் முகமூடியே உத்தமம்.

பெரிய கூடமும் சிறிய கொட்டகையும்

இந்த வட்டாரம் மோட்டார்த் தொழிலின் தொட்டில். 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1955-ல் காங்கிரஸ் மகாநாடு கூடிப் பெயர்பெற்ற ஆவடியில், 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அதே ஆண்டுகளில் பாடியில் மோட்டார் உறுப்புத் தொழிற்சாலைகளும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றின. பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின.

நவீனக் கார்த் தொழிற்சாலையில் முதல் பூச்சை மனிதன் அடிப்பதில்லை. காரின் கூடு முழுவதும், பெரும்பாலும் தண்ணீரே நிறைந்த தொட்டியில் முங்கி எழுகிறது. மின்சாரம் பாய்ச்சி அந்தப் பூச்சைத் தகட்டில் படியவைக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1960-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை இது. தீப்பிடிக்கும் பயம் வெகுவாகக் குறைந்தது. ஐரோப்பிய நாடுகளில் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்குக்கூட, கரைப்பானின் அளவைக் கட்டுப்படுத்தி 2004-ல் சட்டம் செய்து, 2007 முதல் அமல் நடத்தினார்கள். அதன் பயனாக அங்கே தண்ணீரில் கரையும் வர்ணங்கள் பட்டறைக்குள் நுழைந்தன.

ஆக, அபாயம் பெரிய கூடத்தைவிட்டு வெளியேறி விட்டது. எங்கே போயிற்று? அந்தக் கார் தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்து, ஐந்து வருஷம் ஓடி, எங்கேயோ மோதி நசுங்கி, திரும்பி வரும் சாலையோரக் கொட்டகைக்குப் போயிருக்கிறது. பெரிய கூடத்தில் பாதுகாப்பு அதிகாரி உண்டு, தீயணைப்புக் குழு உண்டு, வருஷாந்திரப் பரிசோதனை உண்டு. கொட்டகையில் ஒரு மேஸ்திரி, இரண்டு பெயிண்டர்கள், இரண்டு பையன்கள். மணல் வாளி இருந்தால் அதில் வெற்றிலை எச்சிலும் பீடித் துண்டும் இருக்கும்.

சட்டம் தலையை எண்ணுகிறது

இந்த நிலைக்கு மேஸ்திரியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்சக்தி உபயோகித்துப் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 20 ஆக உயர்ந்துவிட்டது. மின்சக்தி இல்லாவிட்டால் 40. பத்துப் பேருக்குக் குறையாத மற்றத் தொழிலிடங்களுக்கும் பொதுவான கடமைகள் உண்டு என்றாலும், ஐந்து பேர் கொண்ட பெயிண்ட் பட்டறை இந்த வலையின் எந்தக் கண்ணிலும் சிக்காது. சட்டம் தலையை எண்ணுகிறது; தின்னருக்கு எண்ணத் தெரியாது.

இதற்கு வழி இல்லாமலில்லை. அபாயகரமான வேலை நடக்கும் இடத்தில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் சட்டத்தை அங்கே செல்லுபடியாக்க அரசாங்கம் அறிவிக்கை வெளியிடலாம் என்று புதிய தொகுப்பிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். மூடிய இடத்தில் கரைப்பான் கலந்த பிரைமரை ஸ்பிரே செய்வதை அந்த வகையில் சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. வேண்டியது மனம்தான்.

ஏட்டில் இருந்தும் நடப்பில் இல்லாத விதிகளும் இருக்கின்றன. ஃபிளாஷ் பாயிண்ட் 23 டிகிரிக்குக் கீழேயுள்ள பெட்ரோலிய வகைத் திரவங்களை 1934-ம் ஆண்டுச் சட்டம் முதல் வகுப்பில் வைக்கிறது. விற்பனைக்காக அல்லாமல் லைசென்ஸ் இன்றி வைத்துக்கொள்ளக்கூடிய மொத்த அளவு 30 லிட்டர். அதையும் கண்ணாடியானால் ஒரு லிட்டர், உலோகமானால் 25 லிட்டருக்கு மேற்படாத, இறுக மூடிய பாத்திரங்களில் வைக்கவேண்டும். தண்ணீர் பாட்டிலுக்கு அதில் இடமே இல்லை. பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளைத் தீப்பற்றும் பொருள்களோடு வேலை வாங்கக்கூடாது என்று 2016-ல் திருத்திய சட்டம் திட்டவட்டமாகச் சொல்கிறது. ஆனால் ஸ்பிரே கன்னைத் தின்னரில் அலசும் வேலை எந்தப் பட்டறையிலும் கடைசியாக வந்த பையனுக்குத்தான். மீதித் தின்னரும் பெயிண்ட் வண்டலும் அபாயக் கழிவுகள் என்று 2016-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அவை போய்ச் சேர்வதோ தெருக் கால்வாய்க்கு. அங்கிருந்து, பூந்தமல்லி, திருவேற்காடு, மதுரவாயல் பக்கமாக ஓடும் கூவத்துக்கு.

டப்பாவின்மேல் எச்சரிக்கை இல்லாமலில்லை. சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீச்சுடர் படம் இருக்கிறது. அதன் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலம். படிக்க வேண்டியவர் தமிழ் மட்டுமே அறிந்த மேஸ்திரி. அல்லது பீகாரிலிருந்தோ ஒரிஸ்ஸாவிலிருந்தோ வந்த இளைஞர். சில்லறையாக வாங்கிய தின்னர் பாட்டிலிலோ அந்தப் படமும் கிடையாது.

இன்றே செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை நெருப்பு காத்திராது. பட்டறைக்காரர்கள் அதிகச் செலவில்லாமல் இன்றே செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு.

வெல்டிங்கையும் ஸ்பிரே வேலையையும் ஒரே நேரத்தில் ஒரே கூரையின்கீழ் வைக்கக்கூடாது. இடம் இல்லாவிட்டால் நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். அன்றைய வேலைக்கு வேண்டிய பிரைமரும் தின்னரும் மட்டும் உள்ளே இருக்கவேண்டும். மற்றது வெளியே பூட்டிய, காற்றோட்டமான இரும்பு அலமாரியில். எடுத்தவுடன் மூடியைப் போடவேண்டும். காற்று வெளியேறும் வழி தரை மட்டத்தில் இருக்கவேண்டும், ஏனெனில் ஆவி அங்கேதான் தவழ்கிறது. பிட் இருந்தால் அதற்குப் பக்கத்தில் ஸ்பிரே அடிப்பதே தவறு. துடைத்த துணிகளைத் தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள தகரத் தொட்டியில் போட்டு, மாலையில் அப்புறப்படுத்த வேண்டும். ஸ்பிரே டின்னில் வரும் பிரைமரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்கக்கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடேறினால் டின் வெடிக்கும். சாமி விளக்கை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முன்வாசல் பக்கம், பெயிண்ட் இல்லாத இடத்துக்கு அதை மாற்றி வைப்பதால் சாமி கோபித்துக்கொள்ளாது.

தீப்பிடித்துவிட்டால் தண்ணீரை வீசக்கூடாது. டோலுயீன் போன்றவை தண்ணீரைவிட லேசானவை. தண்ணீரின்மேல் மிதந்து, எரிந்துகொண்டே பரவும். உலர்பொடித் தீயணைப்பான், நுரை, மணல் ஆகியவையே உதவும். தீ சிறிதாக இருந்து, பின்னால் வெளியேற வழியும் இருந்தால் மட்டும் அணைக்க முயலலாம். இல்லாவிட்டால் ஆட்களை வெளியேற்றி 101 அல்லது 112-ஐக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம். உடம்பில் தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்றவேண்டும். பற்பசை, இங்க், மாவு எதுவும் தடவக்கூடாது. தின்னர் நனைந்த துணியைக் கழற்றவேண்டும். தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கக்கூடாது. தீக்காயச் சிகிச்சைக்குப் பேர்போன கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை இதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாசலுக்குப் போக நேராமல் இருப்பதல்லவா முக்கியம்!

யார் பொறுப்பு?

முறையான ஸ்பிரே அறை ஒன்று கட்டப் பல லட்சம் ரூபாய் ஆகும். அது ஐந்து பேர் பட்டறைக்கு எட்டாத கனி. ஆனால் இருபது பட்டறைகள் சேர்ந்தால் எட்டும். சிறு தொழில்கள் கூட்டாகப் பொது வசதிக் கூடம் அமைக்க மத்திய அரசாங்கத்தின் உதவித் திட்டமே இருக்கிறது. அம்பத்தூரிலும் திருமழிசையிலும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. வாடகைக்குக் கிடைக்கும் ஒரு பொது ஸ்பிரே அறை அங்கே அமைந்தால், மேஸ்திரி வண்டியைக் கொண்டுபோய் இரண்டு மணி நேரத்தில் பிரைமர் அடித்துத் திரும்பலாம். தின்னர் விற்பவர்கள் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதை நிறுத்தலாம். கம்பெனிகள் டப்பாவின்மேல் தமிழிலும் ஹிந்தியிலும் நான்கு வரி அச்சிடலாம். இவை எதுவும் ஆகாத காரியங்கள் அல்ல.

கடைசியாக, வண்டிக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. "நாளைக்குக் கலியாணம், இன்று சாயங்காலமே வண்டி வேண்டும்" என்று அவசரப்படுத்துகிறவரும், ஐந்நூறு ரூபாய் குறைவென்று பக்கத்துப் பட்டறைக்குப் போகிறவரும் அவரே. அந்த அவசரத்துக்காகத்தான் ஹாலஜன் விளக்கு பக்கத்தில் வருகிறது. அந்த ஐந்நூறு ரூபாய்க்காகத்தான் முகமூடி வாங்கப்படாமல் போகிறது. வண்டியை எடுக்கப் போகும்போது பெயிண்டின் பளபளப்பைப் பார்ப்பதோடு, மணல் வாளியும் தீயணைப்பானும் இருக்கின்றனவா, கன் கழுவும் பையனுக்கு என்ன வயது என்றும் ஒருமுறை பார்க்கலாம், கேட்கலாம். பத்து வாடிக்கைக்காரர்கள் கேட்டால் பதினோராவது நாள் மேஸ்திரி வாங்கி வைத்துவிடுவார்.

நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பார்கள். இந்த வட்டாரத்துப் பட்டறைகளில் அந்த வார்த்தையை இன்னும் கொஞ்சம் அடிக்கடி, கொஞ்சம் உரக்கவே சொல்லவேண்டியிருக்கிறது. காக்களூரில் மாண்ட வழிப்போக்கருக்கு அதை யாரும் சொல்லவில்லை.